32 கிலோமீட்டர் கட்டாயமா? மராத்தான் பயிற்சியில் நீள் ஓட்டத்தின் அளவு

மராத்தானின் தூரம் 42.195 கி.மீ. என்பது 1921-இல் முறைப்படி வரையறுக்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்தத் தூரத்துக்குத் தயாராகும் ஒருவர் பயிற்சிக் காலத்தில் ஒரே நாளில் அதிகபட்சமாக எவ்வளவு தூரம் ஓடியிருக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒருமித்த விடை இன்னும் உருவாகவில்லை. ஓட்டக்காரர்கள் 'லாங் ரன்' என்று சொல்லும் நீள் ஓட்டம், அதாவது வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், மற்ற நாள்களைவிட நெடுநேரம் நிதானமாக ஓடுவது, ஏறக்குறைய எல்லாப் பயிற்சித் திட்டங்களுக்கும் பொதுவானது. 16 முதல் 18 வாரம் வரை செல்லும் வழக்கமான திட்டத்தில் இந்த ஓட்டம் படிப்படியாக வளர்ந்து, பந்தயத்துக்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பு 32 கி.மீ.யைத் தொட்டு, பிறகு சுருங்குகிறது. இதற்கு மாறாக, 26 கி.மீ.யோடு நிறுத்திக்கொண்டாலே போதும் என்று சொல்லும் திட்டங்களும், எத்தனை கி.மீ. என்பதை விட்டுவிட்டு எத்தனை மணி நேரம் என்று மட்டுமே கணக்கிடும் திட்டங்களும் உண்டு.

32 என்ற எண்ணே சற்று ஐயத்துக்குரியது. அது அமெரிக்கத் திட்டங்களின் 20 மைல், மெட்ரிக் அளவுக்கு மாற்றி எழுதப்பட்ட வடிவம். மெட்ரிக் முறையில் சிந்திக்கும் பயிற்சியாளர்கள் 30 என்றோ 35 என்றோ சொல்வதுதான் வழக்கம். ஒவ்வொரு மரபும் தன் அளவுகோலில் முழுமையாகத் தெரியும் ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. தசைக்கு மைலும் தெரியாது, கிலோமீட்டரும் தெரியாது.

மரபின் தோற்றம்

நீள் ஓட்டமே மராத்தானின் அடித்தளம் என்ற எண்ணம் எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. செக்கோஸ்லோவாக்கிய வீரர் எமில் சாட்டோபெக், 400 மீட்டர் தூரத்தை விரைந்து ஓடி, இடையில் மெல்லோட்டமாக இளைப்பாறி, அதையே பல பத்து முறை திரும்பச் செய்யும் இடைவெளிப் பயிற்சியால் உருவானவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டரையும் 10,000 மீட்டரையும் வென்ற அவர், அதே போட்டிகளில் தம் வாழ்வின் முதல் மராத்தானை 2 மணி 23 நிமிடம் 3 விநாடியில் ஓடி அதிலும் தங்கம் வென்றார். சாட்டோபெக்கைப் போன்ற ஒருவரிடமிருந்து பொது விதி எதையும் பெற முடியாது என்பது உண்மைதான்; ஆயினும் மராத்தானுக்குள் நுழைய ஒரே ஒரு வாசல்தான் உண்டு என்ற நம்பிக்கையை அந்த வெற்றி தளர்த்துகிறது.

இன்றைய மரபின் ஊற்று நியூசிலாந்தில் இருக்கிறது. ஆக்லாந்தில் காலணித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த ஆர்தர் லிடியார்ட், பல ஆண்டுகள் தம் உடம்பையே சோதனைக் களமாக்கி வெவ்வேறு தூரங்களை ஓடிப் பார்த்து, வாரத்துக்குச் சுமார் 160 கி.மீ. என்ற அளவை வந்தடைந்தார். அந்த வாரத்தின் முடியாக, வைட்டாகெரே மலைத்தொடரின் மேடுபள்ளங்கள் வழியே செல்லும் 22 மைல் வையட்டருவா சுற்று, அதாவது ஏறத்தாழ 35 கி.மீ., அமைந்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்களான பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் தங்கமும், பேரி மாகீ மராத்தானில் வெண்கலமும் வென்றபோது, 800 மீட்டர்க்காரருக்கே மலைச்சுற்று உதவுகிறது என்றால் மராத்தான்காரருக்குக் கேட்கவே வேண்டாம் என்ற முடிவுக்கு உலகம் வந்தது. ஜெர்மானிய மருத்துவர் எர்ன்ஸ்ட் ஃபான் ஆக்கன் மெதுவான நெடுந்தொலைவு ஓட்டத்தை வலியுறுத்தி வந்ததும், அமெரிக்க எழுத்தாளர் ஜோ ஹெண்டர்சன் 1969-இல் அதே பொருளில் ஒரு சிறுநூல் வெளியிட்டதும் இந்தப் போக்குக்கு வலுச் சேர்த்தன.

லிடியார்டின் சான்று ஒரு பயிற்சியாளரின் கையில் விளைந்த வெற்றிகளின் சான்றே. அதில் நீள் ஓட்டத்தின் பங்கு எவ்வளவு, மற்ற ஆறு நாள்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வழியில்லை. அவருடைய 35 கி.மீ. அந்த வாரத்தின் மொத்த ஓட்டத்தில் 22 விழுக்காடு மட்டுமே. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஃபிராங்க் ஷார்ட்டர் மராத்தான் தங்கம் வென்றதை அடுத்து அமெரிக்காவில் பொதுமக்கள் பெருந்திரளாக ஓட வந்தபோது இந்த விகிதம் குலைந்தது. வேலைக்குச் செல்பவருக்கு வாரம் 160 கி.மீ. இயலாது, ஆகவே வாரத்தில் ஓடும் நாள்கள் நான்காகச் சுருங்கின, ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் மட்டும் குறையவில்லை. அடித்தளம் சுருங்கியும் கோபுரம் பழைய உயரத்திலேயே நின்றது. உலகெங்கும் பின்பற்றப்படும், அமெரிக்கப் பயிற்சியாளர் ஹால் ஹிக்டனின் புதியவர்களுக்கான முதல்நிலைத் திட்டத்தில் உச்ச வாரத்தின் மொத்தம் 40 மைல். அதில் 20 மைல் ஒரே நாளில் ஓடப்படுகிறது. இன்னொரு அமெரிக்கப் பயிற்சியாளரான ஜெஃப் காலவே இன்னும் ஒரு படி மேலே சென்று, ஓட்டத்துக்கு இடையே குறித்த இடைவெளிகளில் நடந்துகொண்டு, பந்தயத் தூரம் முழுவதையும் பயிற்சியிலேயே கடந்துவிடலாம் என்று பரிந்துரைத்தார்.

தூரமா, நேரமா

இந்த ஏற்றத்தாழ்வை முதலில் தெளிவாகச் சுட்டியவர்களில் உடலியல் அறிஞரும் பயிற்சியாளருமான ஜாக் டேனியல்ஸ் முக்கியமானவர். 1998-இல் வெளிவந்த 'டேனியல்ஸ் ரன்னிங் ஃபார்முலா' நூலில் அவர் முன்வைக்கும் வரம்பு இரண்டு பகுதிகளால் ஆனது: நீள் ஓட்டம் வாரத் தூரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைப் பெரிதும் தாண்டக் கூடாது, 150 நிமிடத்தையும் தாண்டக் கூடாது.

இந்த வரம்பு எத்தனை பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதை எளிய கணக்கால் அறியலாம். மூன்று மணி நேரத்தில் மராத்தானை முடிப்பவர் தம் நீள் ஓட்டத்தைக் கிலோமீட்டருக்கு 5 நிமிட வேகத்தில் ஓடுவதாகக் கொண்டால், 32 கி.மீ.க்கு அவருக்கு 2 மணி 40 நிமிடம் ஆகும். ஐந்து மணி நேரத்தில் முடிப்பவர் கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் எடுத்துக்கொண்டால் அதே தூரம் சரியாக நான்கு மணி நேரமாகிறது. கென்யாவின் கப்டகாட்டில் எலியூட் கிப்சோகே 30 கி.மீ., 40 கி.மீ. என்று வாரம் மாற்றி ஓடிவந்த நீள் ஓட்டங்கள் பரவலாக அறியப்பட்டவை. அந்த 40 கி.மீ.யும் அவருக்கு இரண்டரை மணி நேர அளவிலேயே முடிந்துவிட்டது. வாரத்துக்கு 200 கி.மீ.க்கு மேல் ஓடியவர் என்பதால் அது வாரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியதில்லை. நேரக் கணக்கில் பார்த்தால், உலகின் தலைசிறந்த மராத்தான் வீரரைவிட நீண்ட 'லாங் ரன்' ஓடச் சொல்லிப் புதியவரைப் பணிப்பது 32 கி.மீ. திட்டமே.

டேனியல்ஸின் நிலைப்பாட்டிலும் இடைவெளி உண்டு. 150 நிமிடம் என்பது ஆய்வகத்தில் கண்டறியப்பட்ட எல்லையாக அன்றி, களைப்புக்கும் பயனுக்கும் இடையே அனுபவத்தால் போடப்பட்ட கோடாகவே தோன்றுகிறது. மேலும், அந்தக் கோட்டை அப்படியே ஏற்றுக்கொண்டால் ஐந்து மணி நேரத்துக்காரர் 20 கி.மீ.யோடு நின்றுவிடுவார், பந்தயத்தில் தாம் காலில் நிற்கப்போகும் நேரத்தில் பாதியை மட்டுமே அவர் முன்பு அறிந்திருப்பார். காலவேயின் நடை இடைவேளை இந்தச் சிக்கலுக்கான இன்னொரு விடை என்று கொள்ளலாம்: நேரத்தைக் குறைக்காமல், ஒவ்வொரு நிமிடமும் காலில் ஏற்றும் சுமையை அது குறைக்கப் பார்க்கிறது.

ஹான்சன் முறை: 26 கி.மீ.யின் தர்க்கம்

குறுகிய நீள் ஓட்டம் என்றவுடன் இன்று நினைவுக்கு வருவது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த கெவின், கீத் ஹான்சன் சகோதரர்களின் முறை. அவர்கள் 1999-இல் தொடங்கிய ஓட்டக் குழுவிலிருந்து, 2007-இல் நடந்த அமெரிக்க ஒலிம்பிக் மராத்தான் தேர்வில் மூன்றாமிடம் பெற்று பெய்ஜிங் சென்ற பிரையன் செல்லும், 2011 பாஸ்டன் மராத்தானில் இரண்டே விநாடியில் முதலிடத்தைத் தவறவிட்டு 2018-இல் அதே பந்தயத்தை வென்ற டெசிரே லிண்டனும் வந்தார்கள். பொது ஓட்டக்காரர்களுக்கான அவர்களுடைய திட்டத்தை லூக் ஹம்ஃப்ரி 2012-இல் நூலாக்கினார்.

இந்தத் திட்டத்தின் மையக் கருத்து 'திரண்ட களைப்பு'. வாரத்தில் ஆறு நாள் ஓட்டம். செவ்வாயன்று விரைவுப் பயிற்சி. வியாழனன்று பந்தயத்தில் ஓட விரும்பும் அதே வேகத்தில் படிப்படியாக 16 கி.மீ. வரை செல்லும் 'டெம்போ' ஓட்டம். சனியன்று இலகு ஓட்டம். ஞாயிறன்று, உச்ச நிலையில், 26 கி.மீ. இந்த வரிசையில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் புத்துணர்வோடு இருக்கும் கால்களில் தொடங்குவதில்லை. வியாழன், வெள்ளி, சனி ஆகிய நாள்களின் களைப்பு தீராத கால்களிலேயே தொடங்குகிறது. ஆகவே அது மராத்தானின் முதல் 26 கி.மீ.யைப் போன்றதன்று, கடைசி 26 கி.மீ.யைப் போன்றது என்பது அவர்களின் வாதம். உச்ச வாரங்களில் மொத்தத் தூரம் 90 முதல் 100 கி.மீ. வரை செல்வதால், 26 கி.மீ. என்பது அதில் கால் பங்கைச் சற்றே தாண்டுகிறது.

இங்கே ஒரு தவறான புரிதல் பரவலாகக் காணப்படுகிறது. நீள் ஓட்டம் குறுகியது என்பதால் இந்தத் திட்டம் எளியது என்று எண்ணி, ஏற்கெனவே பின்பற்றிவரும் நான்கு நாள் திட்டத்தில் 32-ஐ அடித்துவிட்டு 26 என்று எழுதிக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் கடன் வாங்கியது ஹான்சன் முறையின் எண்ணை மட்டுமே. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எடுக்கப்பட்ட சுமை அந்த முறையில் வியாழனுக்கும் சனிக்கும் பிரித்து ஏற்றப்படுகிறது. அதை ஏற்றாமல் விட்டால் எஞ்சுவது குறைந்த பயிற்சி மட்டுமே. அதேபோல் 26 கி.மீ. என்பதும் அந்த முறையில் மாறாத எண் அன்று. ஹான்சன் குழுவின் தொழில்முறை வீரர்கள் 32 கி.மீ.க்கு மேலும் ஓடுபவர்களே. அவர்களுடைய வாரத் தூரமும் வேகமும் அதற்கு இடம் தருகின்றன. விகிதமும் நேரமும்தான் விதி. 26 என்பது குறிப்பிட்ட வகை ஓட்டக்காரருக்கு அந்த விதி தரும் விடை.

இம்முறையின் பலவீனங்களும் அதன் கட்டமைப்பிலிருந்தே பிறக்கின்றன. வாரத்தில் ஆறு நாள் ஓட இயலாதவருக்கு இது பொருந்தாது. பந்தய வேகத்தை மிகையாக நிர்ணயித்துக்கொண்டவர், வாரந்தோறும் வரும் டெம்போ ஓட்டத்தில் தம் எல்லையை மீறி ஓடி, திரண்ட களைப்பை மிகைக் களைப்பாக்கிக்கொள்ளக்கூடும். இவ்விரண்டுக்கும் இடையிலான கோட்டைக் காட்டித் தரும் நம்பகமான அளவுகோல் எதுவும் பொது ஓட்டக்காரரின் கையில் இல்லை. கடைசி 26 கி.மீ.யைப் போன்றது என்ற உவமையும் முழுமையாகப் பொருந்துவதாகத் தெரியவில்லை: ஒரு நாள் இடைவெளியில் உண்டு உறங்கி எழுந்த உடலும், இடைவெளியின்றி 16 கி.மீ. ஓடி முடித்த உடலும் ஒரே நிலையில் இருப்பதில்லை.

இதனோடு அடிக்கடி சேர்த்துப் பேசப்படும் ஃபர்மன் பல்கலைக்கழகத் திட்டம் வேறு வகையைச் சேர்ந்தது. 'ரன் லெஸ், ரன் ஃபாஸ்டர்' என்ற பெயரில் 2007-இல் நூலாக வந்த அத்திட்டம் வாரத்துக்கு மூன்றே ஓட்டங்களைக் கேட்கிறது. ஆனால் அந்த மூன்றில் ஒன்றான நீள் ஓட்டம் 20 மைல் வரை செல்வதோடு, ஓரளவு விறுவிறுப்பாகவும் ஓடப்பட வேண்டும். குறைவாக ஓடுவது வேறு, குறுகிய நீள் ஓட்டம் வேறு.

உடலியல் தரும் சான்று

நீள் ஓட்டத்துக்கு ஆதரவான மிகப் பழைய வாதம் கிளைகோஜனைப் பற்றியது. கிளைகோஜன் என்பது தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கப்படும் மாவுச்சத்து. 1960-களில் சுவீடனில் பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் ஆகியோர் தசையிலிருந்து ஊசியால் சிறு துணுக்குகளை எடுத்து ஆராய்ந்தபோது, நெடுநேர உழைப்பில் இந்தச் சேமிப்பு வற்றுவதும் களைப்பும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது தெளிவாயிற்று. ஓட்டத்தில் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோகலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு மராத்தான் முழுவதற்கும் ஏறக்குறைய 2,500 கிலோகலோரி தேவை. மாவுச்சத்துச் சேமிப்பு பொதுவாக 2,000 கிலோகலோரி அளவில் இருப்பதால், கொழுப்பும் வழியில் உண்பதும் கைகொடுக்காவிட்டால் 30 கி.மீ.க்குப் பிறகு வேகம் திடீரென வீழ்வது இயல்பே. ஓட்டக்காரர்கள் இதைச் 'சுவரில் மோதுதல்' என்பார்கள். சுவர் 30-க்கு அப்பால் இருப்பதால் அங்கே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பதே 32 கி.மீ.க்கான மரபு வாதத்தின் சாரம். ஆனால் நிதானமான பயிற்சி வேகத்தில் கொழுப்பின் பங்கு கூடுவதால், பயிற்சியில் 32 கி.மீ. ஓடிய எல்லோரும் அந்தச் சுவரைப் பார்த்தவர்கள் ஆகிவிடுவதில்லை.

எதிர்த்தரப்பு மேற்கோள் காட்டும் ஆய்வு 1982-இல் டட்லி, ஆபிரகாம், டெர்ஜங் ஆகியோர் எலிகளைக் கொண்டு செய்தது. தசை அணுக்களில் உயிர்வளியைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா பயிற்சியால் எவ்வளவு பெருகுகிறது என்பதை வெவ்வேறு வேகத்திலும் நேரத்திலும் அளந்த அவர்கள், ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுவதால் கூடுதல் பெருக்கம் பெரிதாக இல்லை என்று கண்டார்கள். இந்த முடிவை மனிதருக்கு அப்படியே பொருத்துவது எச்சரிக்கையோடு செய்ய வேண்டிய காரியம். மராத்தானுக்கு வேண்டியது மைட்டோகாண்ட்ரியா மட்டும் அன்று. 1974-இல் கோல்னிக், பீல், சால்டின் ஆகியோர் மிதிவண்டிப் பயிற்சியில் காட்டியது வேறொரு திசையைச் சுட்டுகிறது. மிதமான உழைப்பில் முதலில் மெதுவாகச் சுருங்கும் தசை இழைகளின் கிளைகோஜன் வற்றுகிறது. நேரம் செல்லச் செல்ல, வழக்கமாக ஒதுங்கி நிற்கும், விரைவாகச் சுருங்கும் இழைகளும் வேலைக்கு அழைக்கப்படுகின்றன. நெடுநேரம் ஓடினால்தான் அந்த இழைகளுக்கும் பயிற்சி கிடைக்கும் என்பது இதிலிருந்து பெறப்படும் ஊகம்.

இரு தரப்புக்கும் நடுவே நிற்பது 2005-இல் டென்மார்க்கில் ஹான்சென் குழுவினர் வெளியிட்ட சிறிய ஆய்வு. ஏழு ஆண்களின் ஒரு காலுக்கு நாள்தோறும் ஒரு பயிற்சியும், மறு காலுக்கு ஒருநாள்விட்டு ஒருநாள் அடுத்தடுத்து இரண்டு பயிற்சிகளும் தரப்பட்டன. மொத்த உழைப்பு இரு கால்களுக்கும் ஒன்றே. இரண்டாவது பயிற்சியைக் கிளைகோஜன் குறைந்த நிலையில் செய்த கால், களைத்து ஓயும்வரை இயங்கும் சோதனையில் முந்தியது. களைத்த நிலையில் தொடங்கும் குறுகிய பயிற்சி, களைக்கும்வரை நீளும் பயிற்சியின் பயனில் ஒரு பகுதியைத் தரக்கூடும் என்ற ஹான்சன் சகோதரர்களின் கருத்துக்கு இது ஓரளவு இணக்கமானது. பெயர் ஒற்றுமை தற்செயலானது.

ஆனால் தசையின் வேதியியலைத் தாண்டிய ஒன்றும் இருக்கிறது. சாலையில் ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவதால் நுண்ணிய சேதம் உண்டாகிறது. ஒருமுறை அப்படிச் சேதமுற்று ஆறிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே சுமையை மேலும் நன்றாகத் தாங்குகிறது. நீள் ஓட்டத்தின் பயன்களில் எளிதில் மாற்றீடு செய்ய முடியாதது இதுவாக இருக்கலாம். 2021-இல் மாண்டரும் சைலரும் பிறரும் 'நீடுதிறன்' என்ற கருத்தை முன்வைத்தார்கள்: உயிர்வளி உச்ச அளவு, லாக்டேட் எல்லை, ஓட்டச் சிக்கனம் ஆகிய வழக்கமான மூன்று அளவீடுகளும் புத்துணர்வோடு இருக்கும் உடலில் எடுக்கப்படுபவை, இரண்டு மணி நேர உழைப்புக்குப் பின் அவை எவ்வளவு சரிகின்றன என்பது ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடுகிறது. விவாதத்தின் மையம் இன்று இந்தக் கருத்தை நோக்கி நகர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது.

எண்ணிக்கைகள் சொல்வதும் சொல்லாததும்

2020-இல் டோஹெர்ட்டி குழுவினர் 85 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, விரைவாக முடித்தவர்களிடம் வாரத் தூரம், வார ஓட்டங்களின் எண்ணிக்கை, மிக நீண்ட ஓட்டத்தின் தூரம், 32 கி.மீ.க்குக் குறையாத ஓட்டங்களின் எண்ணிக்கை ஆகிய அனைத்துமே கூடுதலாக இருந்தன. 32 கி.மீ.யின் ஆதரவாளர்கள் இதைத் தங்களுக்கு ஆதரவாகக் காட்டக்கூடும். ஆனால் இவை ஒன்றையொன்று இழுத்து வருபவை. வேகமானவர் அதே நேரத்தில் அதிகத் தூரம் ஓடுகிறார். அதிகம் ஓடுபவருக்கு 32 எளிதாகிறது. காயமடைந்தவர் பட்டியலிலிருந்தே விழுந்துவிடுகிறார். 32 கி.மீ. ஓடியதால் வேகம் வந்ததா, வேகம் இருந்ததால் 32 கி.மீ. ஓடப்பட்டதா என்பதை இத்தகைய தொகுப்பு பிரித்துக் காட்டாது.

காயம் பற்றிய சான்று அண்மைக் காலத்தில் சற்றுத் தெளிவடைந்திருக்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹூஸை மையமாகக் கொண்டு 5,205 ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து 2025-இல் வெளிவந்த ஆய்வு, வாரத் தூரம் திடீரெனக் கூடுவதைவிட ஒரே ஓட்டம் திடீரென நீள்வதே காயத்தோடு தெளிவாகத் தொடர்புகொண்டிருப்பதாகக் காட்டியது. கடந்த 30 நாள்களின் மிக நீண்ட ஓட்டத்தை 10 விழுக்காட்டுக்கு மேல் தாண்டிய ஓட்டங்களில் காய விகிதம் உயர்ந்தது. இருமடங்குக்கு மேல் தாண்டியபோது அது இரட்டிப்பையும் மீறியது. இது நீள் ஓட்டத்துக்கு எதிரான தீர்ப்பு ஆகாது. பொறுமையாக ஏறி 32-ஐ எட்டியவரை இது குறை கூறவில்லை. இடையில் இரண்டு வாரம் தவறிப்போய், அட்டவணையைப் பிடிக்க வேண்டி 22-இலிருந்து 30-க்குத் தாவுபவரைத்தான் இது எச்சரிக்கிறது. எட்ட வேண்டிய உச்சம் உயரமாக இருக்கும் திட்டங்களில் அத்தகைய தாவலுக்கான தூண்டுதல் மிகுதி என்பது குறுகிய நீள் ஓட்டத்துக்குச் சார்பான ஒரு மறைமுக வாதம்.

தேர்வும் திறந்திருக்கும் கேள்விகளும்

மேற்கண்ட நிலைப்பாடுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், எதிரெதிர் முகாம்களாகத் தோன்றுபவை பல இடங்களில் ஒரே விதியின் வெவ்வேறு விடைகள் என்று கொள்ள இடமிருக்கிறது. லிடியார்டின் 35, கிப்சோகேயின் 40, ஹான்சன் சகோதரர்களின் 26 ஆகிய மூன்றும் இரண்டு முதல் மூன்று மணி நேர அளவிலும், வாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழும் அமைகின்றன. இந்த வட்டத்துக்கு வெளியே நிற்பது, வாரம் 60 கி.மீ. ஓடுபவர் நான்கு மணி நேரம் செலவிட்டு 32-ஐத் தொடும் திட்டம்தான். அதுவே மிகப் பரவலான திட்டமாகவும் இருக்கிறது. வாரத்தில் ஐந்தாறு நாள் ஓட முடிந்தவருக்குக் குறுகிய நீள் ஓட்டத் திட்டம் நியாயமான தேர்வு எனலாம். மூன்று நான்கு நாள்களே கிடைப்பவருக்கு நீள் ஓட்டத்தைச் சுருக்குவது ஆபத்தைக் குறைத்தாலும், இழந்ததை ஈடுகட்ட வேறு நாள் அவரிடம் இல்லை. நடை இடைவேளையோடு கூடிய நீண்ட ஓட்டமே அவருக்குப் பொருத்தமாக இருக்கலாம்.

தட்பவெப்பமும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். பெரும்பாலான திட்டங்கள் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை என்பதால் அது அவற்றில் இடம்பெறுவதில்லை. ஜனவரியில் நடைபெறும் சென்னை மராத்தானுக்குத் தயாராகிறவரின் நீண்ட ஓட்டங்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையிலும் புழுக்கத்திலும் விழுகின்றன. அதிகாலை நான்கரைக்குத் தொடங்கினாலும், நான்கு மணி நேர ஓட்டத்தின் கடைசிப் பகுதி வெயில் ஏறிய பிறகே முடிகிறது; ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் உடல் சூடேறுவதால் அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு கூடுகிறது. அங்கே 26 கி.மீ. கேட்கும் உழைப்பு, மிச்சிகனின் குளிர்ந்த காலையில் 26 கி.மீ. கேட்கும் உழைப்பைவிட அதிகம்.

நீடுதிறனை வளர்ப்பது ஒரே நாளின் நீளமா, ஆண்டுக்கணக்கில் திரண்ட மொத்தத் தூரமா என்பது இன்னும் தீராத கேள்வி. மக்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை 26 கி.மீ. வரையிலும் மறு குழுவை 32 வரையிலும் நான்கு மாதம் ஓடவைத்து, மற்ற நாள்களின் சுமையைச் சமமாகக் காத்து, பிறகு இரு குழுவையும் ஒரே பந்தயத்தில் இறக்குவது நடைமுறையில் மிகக் கடினம் என்பதால், விடை பெரும்பாலும் கைக்கடிகாரங்கள் திரட்டும் தரவிலிருந்தே வர வேண்டியிருக்கும். ஆய்வகங்களுக்கு வருபவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், நன்கு பயின்றவர்கள், இரண்டு மூன்று மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொள்பவர்கள். ஐந்து மணி நேரம் சாலையில் இருக்கப்போகும் ஐம்பது வயதுக்காரரின் தசை, மூன்றாவது மணி நேரத்துக்கும் நான்காவதுக்கும் இடையே எதைக் கற்றுக்கொள்கிறது, எதை இழக்கிறது என்பதற்கு அந்த அளவீடுகளில் விடை இல்லை.